வருமான வரி பாக்கியை மொத்தமாகக் கட்ட முடியாதபோது: நோட்டீஸ் வந்த நாள் முதல் கடைசித் தவணை வரை

வருமான வரித் துறையிடமிருந்து டிமாண்ட், அதாவது வரி பாக்கியைக் கட்டச் சொல்லும் கோரிக்கை, வந்திருக்கிறது, அவ்வளவு பணம் கையில் இல்லை என்கிற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருடத்தின் நடுவில் வேலை மாறி, இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாகக் கழிவு கொடுத்ததால் வரி குறைவாகப் பிடிக்கப்பட்ட சம்பளக்காரர், நிலம் விற்ற பணத்தை வீட்டுக் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்ட குடும்பம், முன்கூட்டிய வரி கட்டாமல் வருடத்தை ஓட்டிவிட்ட கடைக்காரர் என்று பலர் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். இவர்களை அதிகம் கெடுப்பது பணமில்லாமை அல்ல. பணம் சேரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வாய்மூடி இருப்பதுதான். சட்டம் தவணைக்கு இடம் தருகிறது. ஆனால் கேட்பவருக்கு மட்டும், அதுவும் நேரத்தோடு கேட்பவருக்கு.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வரியின் அசலைப் பேரம் பேசிக் குறைக்கும் நிரந்தர வழி எதுவும் இந்தியாவில் இப்போது இல்லை. வரி வழக்குகளைப் பேசி முடித்துவந்த செட்டில்மென்ட் கமிஷன் 2021-இல் மூடப்பட்டது. வழக்கில் இருந்த தொகைகளுக்காக வந்த விவாத் சே விஸ்வாஸ் 2024 திட்டம் 2025 ஏப்ரல் 30-உடன் முடிந்தது. “பாதியில் முடித்துத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் முன் உள்ள வழிகள்: அவகாசம், தவணை, தவறான தொகையைத் திருத்துவது, மேல்முறையீட்டோடு வசூலை நிறுத்திவைக்கக் கேட்பது, வட்டித் தள்ளுபடி.

கீழே வரும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) 2026-27 வரையிலான பாக்கிகள் பழைய சட்டப்படியே நடக்கும்.

0. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

வருமான வரித் துறையின் இணையதளமான போர்ட்டலின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும், ஆதாரோடு இணைந்த கைப்பேசி, அந்த ஆண்டின் ரிட்டர்ன் நகல், முதலாளி தரும் படிவம் 16, உங்கள் பெயரில் அரசுக்கு வந்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ், உங்கள் வரவு விவரங்களைக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கை, வரி கட்டிய ரசீதுகளான சலான்கள். இவற்றோடு கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, கடன் தவணை விவரம், மருத்துவச் செலவோ பள்ளிக் கட்டணமோ இருந்தால் அந்த ரசீதுகள். வங்கி அறிக்கை எதற்கு என்று பலர் கேட்பார்கள். தவணை கேட்கும்போது “முடியவில்லை” என்ற சொல்லுக்கு அதிகாரியிடம் மதிப்பில்லை. வங்கிக் கணக்கின் இருப்புக்கு உண்டு.

ஆடிட்டரின் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் போர்ட்டலில் கொடுத்திருந்தால் இன்றே உங்களுடையதாக மாற்றுங்கள். நோட்டீஸ் ஆடிட்டர் அலுவலகத்து மின்னஞ்சலில் மாதக்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்ததை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன்.

1. நோட்டீஸ் மெய்யானதா, எந்த நாளில் வந்தது என்று உறுதிசெய்யுங்கள்

துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் டின் எனப்படும் ஆவண எண் இருக்க வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் இதுதான் விதி. போர்ட்டலின் முகப்புப் பக்கத்திலேயே, உள்நுழையாமல், அந்த எண்ணைப் போட்டு நோட்டீஸைச் சரிபார்க்கலாம். மோசடிக் குறுஞ்செய்திகளில் வரும் இணைப்பைத் தொட்டுப் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை முதல் படியாக வைக்கிறேன்.

அடுத்தது தேதி. பெங்களூரு மத்திய செயலாக்க மையத்திலிருந்து 143(1) பிரிவின்படி வரும் மின்னஞ்சலைப் பலர் “ரிட்டர்ன் ஏற்கப்பட்டது” என்ற தகவலாக எண்ணித் திறப்பதே இல்லை. அதில் கட்ட வேண்டிய தொகை இருந்தால் அந்த மின்னஞ்சலே டிமாண்ட் நோட்டீஸ். தனியாக இன்னொன்று வராது. இணைப்பில் உள்ள கோப்பைத் திறக்கக் கடவுச்சொல், பான் எண் சிறிய எழுத்துகளில், அதைத் தொடர்ந்து பிறந்த தேதி.

பணம் கட்டக் கெடு, நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 30 நாள். ஜூன் 5 கிடைத்தால் ஜூலை 5. இந்தத் தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையில் குறியுங்கள். தவணை மனு, மேல்முறையீடு, வட்டி மூன்றும் இந்த நாளைச் சுற்றித்தான் சுழல்கின்றன.

2. தொகை சரியா என்று வரிவரியாகப் பாருங்கள்

பணம் திரட்டுவதற்கு முன் இதைச் செய்யக் காரணம் எளிது: கட்ட வேண்டாத தொகைக்கு நகையை அடகு வைக்கக் கூடாது.

நோட்டீஸில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்றில் நீங்கள் காட்டிய கணக்கு, மற்றொன்றில் துறை போட்ட கணக்கு. எந்த வரியில் எண் மாறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். அதிகம் மாறுவது டிடிஎஸ், அதாவது பணம் உங்கள் கைக்கு வருமுன்பே பிடிக்கப்படும் வரி. முதலாளி உங்கள் சம்பளத்தில் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டவில்லை என்றால் 26ஏஎஸ்-இல் அது தெரியாது, டிமாண்ட் வரும். அப்படிப் பிடிக்கப்பட்ட தொகையை உங்களிடம் மறுபடி நேரடியாகக் கேட்கக் கூடாது என்கிறது 205-ஆம் பிரிவு. பிடித்ததற்கான சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் உங்கள் ஆதாரம். அடுத்து, நீங்கள் கட்டிய சலானில் மதிப்பீட்டு ஆண்டு தவறாகப் பதிந்திருப்பது. மூன்றாவது, ரிட்டர்னில் கேட்ட கழிவு கணக்கில் ஏறாமல் போவது.

இப்படிப்பட்ட வெளிப்படையான பிழைகளுக்கு 154-ஆம் பிரிவின்படி திருத்த மனு போர்ட்டலிலேயே போடலாம். உத்தரவு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து 4 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆனால் திருத்த மனு போட்டுவிட்டால் 30 நாள் கடிகாரம் நின்றுவிடும் என்று எண்ணுகிறார்கள். நிற்காது. திருத்தம் ஒரு பக்கம் நடக்கட்டும். மற்ற படிகளை நிறுத்தாதீர்கள்.

மிகப் பழைய, சிறிய பாக்கி என்றால் இன்னொன்றும் பாருங்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு, மதிப்பீட்டு ஆண்டு 2010-11 வரை ஆண்டுக்கு ரூ. 25,000 வரையிலும், 2011-12 முதல் 2015-16 வரை ஆண்டுக்கு ரூ. 10,000 வரையிலும் உள்ள டிமாண்டுகளை, ஒருவருக்கு மொத்தம் ரூ. 1 லட்சம் என்ற உச்சவரம்போடு நீக்கியது. உங்கள் பாக்கி அதில் அடங்கியதா என்பது போர்ட்டலில் அந்த டிமாண்டின் எதிரே தெரியும்.

3. “டிமாண்ட் சரி” பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள்

போர்ட்டலில் நிலுவைச் செயல்கள் பகுதியில் நிலுவை டிமாண்டுக்குப் பதில் தரும் பக்கம் இருக்கிறது. அங்கே “சரி” என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் பிறகு அதே டிமாண்டை அங்கே மறுக்க முடியாது. புதிதாக வருபவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. பயத்தில் முதலில் ஒப்புக்கொள்வார்கள், இரண்டு நாள் கழித்து டிடிஎஸ் விடுபட்டது கண்ணில் படும்.

ஒரு பகுதி சரி, ஒரு பகுதி தவறு என்றால் பகுதியாக மறுக்கும் வசதியும் அங்கேயே உண்டு. எவ்வளவு தொகை, என்ன காரணம் என்று குறித்து ஆதாரத்தை ஏற்றுங்கள். ஒப்புக்கொண்ட பகுதிக்குத் தவணை, மறுத்த பகுதிக்குத் திருத்தமோ மேல்முறையீடோ. இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். கலந்தால் படிப்பவர் எதற்கும் உத்தரவு போட முடியாது.

4. மனுவுக்கு முன்பே ஒரு தொகை கட்டுங்கள்

30 நாள் தாண்டியதும் 220(2) பிரிவின்படி மாதத்துக்கு 1 சதவீத வட்டி ஓடும். மாதத்தில் ஒரே ஒரு நாள் புகுந்தாலும் அது முழு மாதம். தவணை கிடைத்தாலும் இந்த வட்டி நிற்காது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டிமாண்ட் ரூ. 3,60,000, கெடு ஜூலை 5. கெடுவுக்குள் 30,000 கட்டி, பிறகு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் 30,000 வீதம் 11 தவணை கட்டினால் மொத்த வட்டி ரூ. 19,800. அந்த 11 மாதமும் எதுவும் கட்டாமல் இருந்துவிட்டு ஒரே தடவையில் கட்டினால் வட்டி ரூ. 39,600. தவணையை 6-ஆம் தேதி கட்டும் பழக்கம் வைத்துக்கொண்டாலோ, ஒவ்வொரு முறையும் அந்த 30,000-க்கு இன்னொரு மாத வட்டி சேரும். அதனால்தான் தவணைத் தேதியைச் சம்பளத் தேதியோடு மட்டும் பொருத்தாமல் கெடுத் தேதியோடும் பொருத்தச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் கட்டுவதற்கு வட்டி மட்டும் காரணம் அல்ல. சலான் இணைத்த மனுவும் இணைக்காத மனுவும் அதிகாரியின் மேசையில் ஒன்றாக மதிக்கப்படுவதில்லை.

கடன் வாங்கிக் கட்டலாமா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஒப்பிட வேண்டிய அளவு, ஆண்டுக்கு 12 சதவீதத் தனி வட்டி. பல வங்கிகளில் நகைக்கடன் இதற்குக் கீழே கிடைக்கும். அதை மீட்க நிச்சயமான வரவு இருந்தால் செய்யலாம். கிரெடிட் கார்டிலோ மீட்டர் வட்டிக்கோ வாங்கி வரி கட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். துறையின் தவணை அவற்றைவிட எவ்வளவோ மலிவு.

5. தவணை மனு எழுதுவது

இந்த வழிகாட்டியின் நடுநாயகம் இதுதான். 220(3) பிரிவின்படி, கெடு முடிவதற்குள் மனு கொடுத்தால், உங்கள் வரிக் கோப்பைக் கவனிக்கும் மதிப்பீட்டு அதிகாரி அவகாசத்தை நீட்டிக்கலாம் அல்லது தவணை தரலாம். தரலாம் என்பதுதான் சட்டத்தின் சொல். தந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அவர் தருவதற்கான காரணத்தை நீங்கள்தான் காகிதத்தில் வைக்க வேண்டும்.

முதலில் யாருக்கு எழுதுவது? போர்ட்டலில் உங்கள் சுயவிவரப் பக்கத்தில் எந்த வார்டு, எந்தச் சரகம் என்று இருக்கும். டிமாண்ட் பெங்களூருவிலிருந்து வந்திருந்தாலும் தவணை மனு போக வேண்டியது உங்கள் எல்லைக்குரிய மதிப்பீட்டு அதிகாரிக்கு. பெங்களூருவுக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதுவது நடைமுறையில் வசதி. உள்ளடக்கம் இந்த வரிசையில் போகட்டும்:

பெயர், பான், மதிப்பீட்டு ஆண்டு, டிமாண்ட் எண், தொகை, நோட்டீஸ் கிடைத்த நாள். பிறகு ஒரே வாக்கியத்தில் கோரிக்கை: “220(3) பிரிவின்படி மீதம் ரூ. 3,30,000-ஐ 11 மாதத் தவணைகளில் கட்ட அனுமதி கோருகிறேன்.” அதன்பின் ஏற்கெனவே கட்டிய தொகையும் சலான் எண்ணும். அடுத்த பத்தியில் மாத வரவு இவ்வளவு, வீட்டு வாடகை, கடன் தவணை, மருத்துவம், படிப்பு என நிலையான செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. கடைசியாகத் தேதியும் தொகையும் கொண்ட தவணை அட்டவணை.

இதில் அட்டவணைதான் உயிர். “இயன்றபோது கட்டிவிடுகிறேன்” என்று எழுதினால் அதிகாரிக்கு உத்தரவு போட எதுவும் இல்லை. தேதியும் தொகையும் நீங்களே எழுதிக் கொடுத்தால் அவர் ஒப்புதல் தந்தால் போதும், அல்லது மாற்றித் தருவார். மிச்சம் 20,000 என்று காட்டிவிட்டு 30,000 தவணை கேட்காதீர்கள். எப்படிக் கட்டுவாய் என்ற கேள்வி வரும். 15,000 கேட்டால் மீதி 5,000 எங்கே என்ற கேள்வி வரும். மிச்சமும் தவணையும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும்.

எத்தனை மாதம் கேட்பது? சட்டம் எண்ணிக்கை சொல்லவில்லை. மார்ச் 31-இல் நிதியாண்டு முடிவதால் அதைத் தாண்டும் அட்டவணைக்குக் கூடுதல் கேள்விகள் வரும், அதற்கான விளக்கத்தை மனுவிலேயே எழுதிவிடுங்கள். நிலம் விற்கும் பணமோ, வர வேண்டிய பாக்கியோ ஒரு குறிப்பிட்ட மாதத்தில் வரும் என்றால் அந்த மாதத்தில் பெரிய தவணை வையுங்கள். உண்மையில் வராத பணத்தை எழுதாதீர்கள். ஒரு தவணை தவறினால் 220(5) பிரிவின்படி மீதம் முழுவதும் அன்றே கட்ட வேண்டியதாகிவிடும்.

6. மனுவைக் கொடுத்த பிறகு

நேரில் தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதே நாளில் அதிகாரியின் அலுவல் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். அந்த முகவரி incometax.gov.in என்று முடிய வேண்டும். முத்திரை இல்லாத மனு, பின்னாளில் கொடுக்காத மனுதான். “சாரிடம் நேரில் பேசிவிட்டேன், சரி என்றார்” என்பது அவர் மாற்றலாகிப் போகும் நாள் வரைக்கும்தான் செல்லும்.

பதில் வரும்வரை சும்மா இருக்காமல், நீங்கள் எழுதிய அட்டவணைப்படியே கட்டத் தொடங்குங்கள். பத்துப் பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால் சலானோடு நினைவூட்டல் கடிதம் கொடுங்கள். எழுத்தில் உத்தரவு கிடைத்ததும் அதைப் போர்ட்டலில் டிமாண்டுக்கான பதிலோடு ஏற்றிவிடுங்கள்.

தவணை நடக்கும்போது அடுத்த ஆண்டு ரீஃபண்ட் வந்தால் 245-ஆம் பிரிவின்படி அதைப் பாக்கியில் கழித்துக்கொள்வார்கள். அதற்கு முன் அறிவிப்பு வரும், பதில் தர 21 நாள் உண்டு. ரீஃபண்ட் கைக்கு வரும் என்று நம்பி அட்டவணை போடாதீர்கள்.

7. ஒவ்வொரு தவணையையும் சரியான கணக்கில் கட்டுவது

போர்ட்டலில் இ-பே டேக்ஸ் பகுதிக்குப் போய், டிமாண்டை ரெகுலர் அசெஸ்மென்ட் வரியாகக் கட்டும் வகையைத் தேர்ந்தெடுங்கள்; அதன் குறியீடு 400. உள்நுழைந்து கட்டினால் டிமாண்ட் எண்கள் வரிசையாக வரும். எதற்குக் கட்டுகிறீர்களோ அதைத் தொட்டு, முழுத் தொகையை அழித்துவிட்டுத் தவணைத் தொகையை எழுதலாம்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, பழக்கத்தில் சுய மதிப்பீட்டு வரி, அதாவது 300 என்ற குறியீட்டில் கட்டிவிடுவது. பணம் அரசுக்குப் போய்விடும், டிமாண்ட் மட்டும் அப்படியே நிற்கும். மதிப்பீட்டு ஆண்டையும் இருமுறை பாருங்கள். கட்டிய ஓரிரு வாரத்தில் டிமாண்ட் பக்கத்தில் தொகை குறைந்ததா என்று சரிபார்த்துவிட்டு அடுத்த தவணைக்குப் போங்கள். பிழையை முதல் தவணையிலேயே பிடித்தால் ஒரு சலானைத் திருத்தினால் போதும்.

8. தொகையே தவறு என்று நீங்கள் வாதாடினால்

படிவம் 35-இல் மேல்முறையீடு, அதே 30 நாளுக்குள். மதிப்பிடப்பட்ட வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் ரூ. 250, 500 அல்லது 1,000. ஆனால் நீங்களே ரிட்டர்னில் ஒப்புக்கொண்ட வருமானத்துக்கான வரி பாக்கி இருந்தால் மேல்முறையீடு ஏற்கப்படாது. ஆகவே பணமில்லாமைக்கு மருந்தாக மேல்முறையீட்டைப் பயன்படுத்த நினைக்காதீர்கள்.

மேல்முறையீடு போட்டால் மட்டும் வசூல் நிற்காது. 220(6) பிரிவின்படி நிறுத்திவைப்பு மனு தனியாகக் கொடுக்க வேண்டும். 2017 ஜூலை 31 முதல் உள்ள நடைமுறை, வழக்கில் உள்ள தொகையில் 20 சதவீதம் கட்டினால் மீதியை நிறுத்திவைப்பது. அந்த 20 சதவீதமும் சுமை என்றால் காரணத்தோடு குறைக்கக் கேட்கலாம். மதிப்பீட்டு அதிகாரி மறுத்தால் முதன்மை ஆணையரிடம் போகலாம், அதற்கும் மேல் சென்னை உயர் நீதிமன்றமோ மதுரைக் கிளையோ. நிறுத்திவைப்பு கிடைத்து, முடிவில் தோற்றால் இடைக்கால வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.

9. 30 நாள் தாண்டிவிட்டது, வங்கிக் கணக்கும் முடங்கிவிட்டது என்றால்

கெடு தாண்டியவரைச் சட்டம் வரி கட்டத் தவறியவர் என்று கொள்கிறது. 221-ஆம் பிரிவின்படி பாக்கி வரி அளவுக்கு அபராதம் விதிக்க இடம் உண்டு. தகுந்த காரணம் காட்டினால் விதிக்கக் கூடாது. 226(3) பிரிவின்படி வங்கிக்கு நேரடியாகக் கடிதம் போய், கணக்கில் உள்ள பணம் எடுக்கப்படலாம். சம்பளத்திலும் பிடிக்கலாம்.

இந்த நிலையில் வங்கி மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்கு அதிகாரமும் இல்லை. நேரே மதிப்பீட்டு அதிகாரியிடம், ஒரு தொகை கட்டிய சலானும் மேலே சொன்ன அட்டவணையும் கொண்டு போய், முடக்கத்தை நீக்கக் கேளுங்கள். கணக்கில் சம்பளம் வருகிறது, மருத்துவச் செலவு அதிலிருந்து போகிறது என்றால் அதற்கான ஆதாரத்தையும் சேருங்கள். கோப்பு வரி வசூல் அதிகாரிக்குப் போய்விட்டிருந்தால், 225-ஆம் பிரிவின்படி அவகாசம் தர அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவை அவருக்கு எழுதுங்கள்.

இந்தப் பதற்றத்தில் வீட்டை மனைவி பெயருக்கோ பிள்ளை பெயருக்கோ தான செட்டில்மென்ட் எழுதிவைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 281-ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட மாற்றம் துறையைப் பொறுத்தவரை செல்லாது. அதோடு, பணமில்லாத மனிதர் என்ற நிலையிலிருந்து வரி கட்டாமல் தப்பிக்கப் பார்க்கும் மனிதர் என்ற நிலைக்கு நீங்கள் மாறுகிறீர்கள். வேண்டுமென்றே தப்பிப்பதற்கு 276சி(2) பிரிவில் சிறைத் தண்டனை வரை இருக்கிறது.

10. அசல் முடிந்ததும் வட்டிக்குத் தனி மனு

கடைசித் தவணை கட்டியவுடன் எல்லாம் முடிந்ததாக எண்ணிப் பலர் போர்ட்டலை மூடிவிடுகிறார்கள். 220(2) வட்டி தனித் தொகையாக நிற்கும், சில மாதம் கழித்து அதற்கு அறிவிப்பு வரும்.

இந்த வட்டியைக் குறைக்கவோ நீக்கவோ 220(2ஏ) பிரிவில் வழி உண்டு. மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும்: வட்டி கட்டுவது உண்மையான கஷ்டத்தைத் தரும், தாமதம் உங்கள் கைமீறிய காரணத்தால் நேர்ந்தது, விசாரணையிலும் வசூலிலும் நீங்கள் ஒத்துழைத்தீர்கள். ரூ. 50 லட்சம் வரையிலான வட்டிக்கு முதன்மை ஆணையரே முடிவெடுக்கலாம் என்று 2024 நவம்பரில் வரம்பு வகுக்கப்பட்டது. மனு கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து 12 மாதத்துக்குள் உத்தரவு வர வேண்டும், உங்களைக் கேட்காமல் நிராகரிக்கவும் கூடாது.

ஒத்துழைப்பு என்ற மூன்றாம் நிபந்தனைக்குச் சாட்சி உங்கள் கோப்புதான்: கெடுவுக்குள் கொடுத்த முத்திரையிட்ட மனு, தேதி தவறாத சலான்கள், நினைவூட்டல் கடிதங்கள். கைமீறிய காரணத்துக்கு மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, வேலைநீக்கக் கடிதம், தொழில் முடங்கியதற்கான வங்கிக் கணக்கு போன்றவற்றை இணையுங்கள். மனு முடிவாகி, போர்ட்டலில் அந்த டிமாண்ட் எண்ணுக்கு எதிரே அசலும் வட்டியும் பூஜ்யம் என்று காட்டும்வரை எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள்.